டிஸ்ட்ரோபினுக்கு எந்த ஆன்டிபாடி வாங்குவது?

1990இல் நேச்சர் இதழில் ஒரு குடும்பத்தைப் பற்றிய கட்டுரை வந்தது. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு டிஸ்ட்ரோபின் என்ற தசைப் புரதத்தின் ஜீனில் 17ஆம் எக்ஸானில் (எக்ஸான் என்றால் புரதத்துக்கான குறியீடு இருக்கும் துண்டு) தொடங்கி 48 வரை காணோம். புரதத்துக்கான குறியீட்டில் 46 சதவீதம் போய்விட்டது. அப்படியும் அவர் 61 வயதில் தன் காலில் நடந்துகொண்டிருந்தார்.

இப்போது நம் ஆய்வுக்கூட ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். டிஸ்ட்ரோபின் பார்க்க அதிகம் வாங்கப்படும் ஆன்டிபாடிகளில் (புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுப்பவை) டிஸ்1 ஒட்டுவது 26 முதல் 30 வரையிலான எக்ஸான்கள் தரும் பகுதியில். மேன்டிஸ்8 ஒட்டுவது 31, 32இல். மேன்டிஸ்106 ஒட்டுவது 43இல். இந்த மூன்றில் எதைப் போட்டாலும் அவருடைய தசை கறுப்பாகத்தான் தெரியும். மூன்றையும் போட்டவர் நல்ல நம்பிக்கையோடு "டிஸ்ட்ரோபின் இல்லை" என்று எழுதிவிடுவார். அவர் தசையில் புரதம் இருந்தது. மூன்று ஆன்டிபாடிகளும் தேடிய இடம்தான் அதில் இல்லை.

எந்தக் கம்பெனி, என்ன விலை என்ற கேள்விகளை நான் எப்போதும் இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் சாம்பிளில் இந்தப் புரதத்தின் எந்தப் பகுதி மிச்சம் இருக்கப் போகிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும்.

டிஸ்ட்ரோபின் 427 கிலோடால்டன் எடையுள்ள புரதம். 79 எக்ஸான்கள், 3,685 அமினோ அமிலங்கள். ஒரு முனை தசையின் நாருக்குள் ஆக்டின் என்ற புரதத்தைப் பிடித்திருக்கிறது. நடுவில் கம்பி போல நீண்ட பகுதி. அதை அடுத்து சிஸ்டீன் நிறைந்த பகுதி, அது சவ்வில் இருக்கும் பீட்டா டிஸ்ட்ரோகிளைக்கன் என்ற புரதத்தைப் பிடிக்கிறது. கடைசியில் சி முனை. இவ்வளவு பெரிய புரதம் தசையின் மொத்தப் புரதத்தில் சுமார் 0.002 சதவீதம்தான். அதனால் சுமாரான ஆன்டிபாடி இங்கே உதவாது. ஆக்டினுக்கோ மயோசினுக்கோ ஓடிவிடும் ஆன்டிபாடித் தரம் இதற்குப் போதாது.

கைக்கு எட்டும் தேர்வுகள் மூன்று வகை.

முதலாவது நியூகாசிலில் உருவான மூவர்: டிஸ்1, டிஸ்2, டிஸ்3. நோவோகாஸ்ட்ரா பெயரில் வந்தவை, இப்போது லைக்கா விற்கிறது. டிஸ்1 நடுக்கம்பியில் ஒட்டும். டிஸ்2 சி முனையின் கடைசி 17 அமினோ அமிலங்களில் ஒட்டும். டிஸ்3 ஆக்டின் பிடிக்கும் முனையை அடுத்து, 10 முதல் 12 வரையிலான எக்ஸான்கள் தரும் இடத்தில் ஒட்டும். மூன்றும் சுண்டெலியிலிருந்து எடுத்த மோனோகுளோனல்கள், அதாவது ஒரே இடத்தில் ஒட்டும் ஒரே வகை ஆன்டிபாடிகள். உலகம் முழுக்கத் தசை பயாப்ஸி பார்க்கும் நோயியல் கூடங்களில் இவை மூன்றையும் ஒன்றாகப் போடுவதுதான் வழக்கம்.

இரண்டாவது, கிளென் மோரிஸும் நுயென் தி மானும் உருவாக்கிய பெரிய குடும்பம். மேன்டிஸ், மேன்ட்ரா, மேனெக்ஸ் என்று பெயர்கள் போகும். பிரிட்டனில் இருந்த அந்தக் குழு, எந்த ஆன்டிபாடி எந்த எக்ஸானில் ஒட்டுகிறது என்று ஒவ்வொன்றாக வரைபடம் போட்டு வைத்தது. மேன்டிஸ்8, மேன்டிஸ்106 பற்றி மேலே சொன்னேன். மேன்ட்ரா1 சி முனையில், 77ஆம் எக்ஸானில் ஒட்டும். மேனெக்ஸ் வரிசை குறிப்பிட்ட எக்ஸான்களுக்காகவே செய்தது. இவற்றில் பல இன்று அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கும், ஆன்டிபாடி சுரக்கும் செல்களைக் காக்கும் ஹைபிரிடோமா வங்கியில் கிடைக்கின்றன. அந்த வங்கி லாபத்துக்காக நடப்பதல்ல. விலை வணிகக் கம்பெனிகளைவிடப் பல மடங்கு குறைவு. தங்கள் உழைப்பை இப்படிப் பொதுவில் வைத்த அந்த இரண்டு பேருக்கும் தசை ஆய்வு செய்யும் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, முயலில் எடுத்த ஆன்டிபாடிகள். ஆப்காமின் ஏபி15277 இதில் பிரபலம். சி முனைப் பெப்டைடுக்கு (சிறு புரதத் துண்டுக்கு) எதிராக எடுத்த பாலிகுளோனல், அதாவது பல ஆன்டிபாடிகளின் கலவை. முயல் மோனோகுளோனல்களும் இப்போது வந்துவிட்டன.

சரி, உங்கள் வேலை என்ன என்பதற்கு வருவோம்.

நோயாளியின் பயாப்ஸி பார்க்கிறீர்கள் என்றால் விவாதமே வேண்டாம். மூன்று இடத்துக்கும் மூன்று ஆன்டிபாடி போடுங்கள், கூடவே ஸ்பெக்ட்ரின் என்ற சவ்வுப் புரதத்துக்கு ஒன்று. டிஸ்ட்ரோபின் இல்லாமல் வரும் கடுமையான தசைநோயான டூஷேனில் பெரும்பாலும் மூன்றும் காணாமல் போகும். அதன் லேசான வடிவமான பெக்கரில் மங்கலாகவோ விட்டுவிட்டோ தெரியும். டிஸ்1 மட்டும் இல்லை, மற்ற இரண்டும் இருக்கிறது என்றால், அந்த எபிடோப்பை (ஆன்டிபாடி ஒட்டும் இடத்தை) விழுங்கிய, ஆனால் ஜீனை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வாசிப்புச் சட்டகம் கெடாத டெலிஷன் (ஜீனில் ஒரு பகுதி இழப்பு) என்று சந்தேகிக்கலாம். முதலில் சொன்ன அந்த மனிதரும் இந்த வகைதான். ஸ்பெக்ட்ரின் எதற்கு என்றால், சவ்வே கிழிந்துபோன நாரில் டிஸ்ட்ரோபினும் தெரியாது. ஸ்பெக்ட்ரின் நன்றாகத் தெரிந்து டிஸ்ட்ரோபின் மட்டும் தெரியாமல் இருந்தால்தான் அந்த இன்மைக்கு அர்த்தம். பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஸ்பெக்ட்ரினை விட்டுவிட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து விடாதீர்கள். அந்தக் காகிதத்தை ஒரு தாய் கையில் வாங்கப் போகிறார்.

ஆய்வில் நம்மில் பெரும்பாலோர் வேலை செய்வது டிஸ்ட்ரோபின் இல்லாத எம்டிஎக்ஸ் சுண்டெலியில். 1984இல் அடையாளம் காணப்பட்ட எலி இது. 23ஆம் எக்ஸானில் ஒரே ஒரு எழுத்து மாறி, புரதம் அங்கேயே நின்றுவிடுகிறது. டிஸ்1, மேன்டிஸ்8, டிஸ்2, மேன்ட்ரா1 எல்லாமே அந்த இடத்துக்குப் பிறகு ஒட்டுபவை. ஆகவே சிகிச்சை அந்த முட்டுக்கட்டையைத் தாண்ட வைத்ததா என்று பார்க்க இந்த நான்கும் தகுதியானவையே. தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது: சுண்டெலித் தசையில் சுண்டெலி ஆன்டிபாடி.

இது எப்படி ஏமாற்றும் என்று ஒரு நாள் நேரில் பார்த்தேன். ஐந்து வார எம்டிஎக்ஸ் எலியின் டிபியாலிஸ் என்ற கால் தசை. எங்கள் கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்த பெண் மைக்ரோஸ்கோப் அறையிலிருந்து ஓடி வந்தாள். "அக்கா, வந்து பாருங்க, வேலை செஞ்சிருக்கு!" போய்ப் பார்த்தேன். திரையில் பத்துப் பன்னிரண்டு நார்கள் பச்சையாகப் பளபளத்தன. அவளுக்குக் கை நடுங்கியது. ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி, ஒரே ஒரு நாரைப் பெரிதாக்கினேன். பச்சை நாரின் உள்ளே முழுக்க நிரம்பியிருந்தது. விளிம்பில் தனியாகக் கோடு எதுவும் இல்லை. டிஸ்ட்ரோபின் என்றால் நாரைச் சுற்றி மெல்லிய வளையமாகத் தெரிய வேண்டும், உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். நாங்கள் பார்த்தது செத்துக்கொண்டிருந்த நார்கள். எம்டிஎக்ஸ் எலியில் மூன்றாவது வாரத்திலிருந்து நார்கள் கூட்டமாக அழியும். அழியும் நாரின் சவ்வு ஒழுகும், எலியின் சொந்த ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி உள்ளே புகும். முதல் ஆன்டிபாடியில் ஒட்டி அதை ஒளிரவைக்க நாங்கள் போட்ட இரண்டாம் ஆன்டிபாடி எலி ஐஜிஜியைத் தேடுவது. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. பக்கத்து ஸ்லைடில் முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாவதை மட்டும் போட்டுப் பார்த்தோம், அதே பச்சை. அவள் அன்று மதியம் சாப்பிடவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, அவ்வளவு ஆசையாக ஓடி வந்த பிள்ளை.

இதைத் தவிர்க்க வழிகள் உண்டு. எலிமேல் எலி என்று தனியாக விற்கும் தடுப்பு கிட் ஒன்று. எலி ஐஜிஜியை முன்கூட்டியே ஃபேப் என்ற ஆன்டிபாடித் துண்டுகளால் மூடிவிடுவது இன்னொன்று. மேன்டிஸ்8 ஐஜிஜி2பி வகை என்பதால் அந்த உபவகையை மட்டும் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி போட்டால் பின்னணி ஓரளவு குறையும். முதல் ஆன்டிபாடியிலேயே ஒளிரும் சாயத்தை ஒட்டிவிட்டு இரண்டாவதே இல்லாமல் செய்வது எனக்குப் பிடித்த வழி, ஆனால் டிஸ்ட்ரோபின் குறைவாக இருக்கும் சாம்பிளில் வெளிச்சம் போதாது.

எல்லாவற்றையும்விட எளிது முயல் ஆன்டிபாடிக்கு மாறிவிடுவது. எலித் தசையை வெட்டி வைத்துப் பார்க்கும் வேலை மட்டும்தான் உங்களுக்கு என்றால், ஏபி15277 போன்ற ஒன்றையே நான் முதலில் சொல்வேன். பின்னணி சுத்தம், வேலை சுலபம். ஆனால் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். பாலிகுளோனல் என்றால் லாட்டுக்கு லாட் (ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும்) மாறும். மூன்று வருட ஆய்வு என்றால் பாதியில் லாட் மாறும்போது பழையதையும் புதியதையும் ஒரே தசையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். இரண்டாவது யூட்ரோபின். 395 கிலோடால்டன், டிஸ்ட்ரோபினின் நெருங்கிய சொந்தம், சி முனையில் ஒற்றுமை மிக அதிகம். டிஸ்ட்ரோபின் இல்லாத தசையில் யூட்ரோபின் சவ்வில் கூடிவிடும். சி முனை ஆன்டிபாடி எதை வாங்கினாலும், சிகிச்சை கொடுக்காத எம்டிஎக்ஸ் தசையில் மெல்லிய வளையம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் அந்த லாட்டை நம்ப வேண்டாம்.

எம்டிஎக்ஸ் தசையில் அங்கங்கே ஒன்றிரண்டு நார்கள் நிஜமாகவே டிஸ்ட்ரோபின் காட்டும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ரிவர்ட்டன்ட் நார்கள். வயது ஏற ஏற கொத்தாகவும் வரும். அதே வயது எலியின் சிகிச்சை இல்லாத தசை இல்லாமல் எந்த எண்ணிக்கையும் செல்லாது.

மைக்ரோ டிஸ்ட்ரோபின் ஜீன் சிகிச்சை பார்ப்பவர்களுக்குக் கதை முழுக்க வேறு. முழு ஜீன் அதைச் சுமக்க வேண்டிய ஏஏவி வைரஸுக்குள் அடங்காது, அதனால் நடுக்கம்பியை வெட்டிச் சுருக்குகிறார்கள். 2023 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எலிவிடிஸ் என்ற இந்த வகைச் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். 138 கிலோடால்டன். நடுக்கம்பியில் திரும்பத் திரும்ப வரும் 24 ஸ்பெக்ட்ரின் அடுக்குகளில் 1, 2, 3, 24 மட்டும் இருக்கும். சி முனை கிடையாது. ஆகவே டிஸ்1, மேன்டிஸ்8, மேன்டிஸ்106, டிஸ்2, மேன்ட்ரா1 எல்லாமே இதற்குக் குருடு. மிச்சம் டிஸ்3. அது ஒட்டும் இடம் இந்தச் சிறு புரதத்தில் அப்படியே இருக்கிறது. கூடுதல் அதிர்ஷ்டம் என்னவென்றால், டிஸ்3 மனித டிஸ்ட்ரோபினை மட்டும்தான் அறியும், எலியுடையதை அறியாது. மனித வரிசையில் செய்த மைக்ரோ டிஸ்ட்ரோபினை எம்டிஎக்ஸ் எலிக்குக் கொடுத்தால், டிஸ்3 காட்டும் ஒவ்வொரு வளையமும் நீங்கள் கொடுத்த ஜீனிலிருந்து வந்தது. ரிவர்ட்டன்ட் நார் குழப்பம் அடியோடு போய்விடும். எலிமேல் எலி பிரச்சினை மட்டும் இருக்கும், அதற்குத் தடுப்பு கிட் போட்டுக்கொள்ளலாம். வேறு கட்டமைப்பு என்றால் அதன் வரைபடத்தையும் எபிடோப் வரைபடத்தையும் அடுத்தடுத்து வைத்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

எக்ஸான் ஸ்கிப்பிங்கில் இன்னொரு கணக்கு. 51ஆம் எக்ஸானைத் தாண்டவைக்கும் மருந்து, 45 முதல் 50 வரை இல்லாத நோயாளி என்று வையுங்கள். கிடைக்கும் புரதத்தில் 45 முதல் 51 வரை இருக்காது. டிஸ்1, மேன்டிஸ்8, மேன்டிஸ்106 மூன்றுமே அதற்கு முந்தைய இடங்களில் ஒட்டுபவை, ஆகவே பொருந்தும். ஆனால் வாசிப்பு கடைசி வரை போய்ச் சேர்ந்தது என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. அதற்கு டிஸ்2 அல்லது மேன்ட்ரா1 கூட வேண்டும். நான் கேட்டால் இரண்டு ஆன்டிபாடியில் காட்டாத ஸ்கிப்பிங் முடிவை ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

இந்த இடத்தில் 51ஆம் எக்ஸானைத் தாண்டவைக்கும் எட்டெப்லிர்சன் மருந்தின் கதையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2013இல் வந்த கட்டுரையில், 48 வாரத்தில் டிஸ்ட்ரோபின் தெரியும் நார்களின் விகிதம் மருந்தின் ஒரு டோஸில் 52, இன்னொரு டோஸில் 43 சதவீதம் கூடியதாக எழுதினார்கள். அது ஒளிரும் நார்களை எண்ணிய கணக்கு. 180 வாரம் மருந்து எடுத்த பிறகு, புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் அளந்தபோது கிடைத்த சராசரி, நல்ல தசையில் இருப்பதில் 0.93 சதவீதம். 2016 செப்டம்பரில் மருந்துக்குத் துரித அனுமதி கிடைத்தது, அதற்கு முன்னும் பின்னும் பெரிய சர்ச்சை நடந்தது. நார்களை எண்ணுவதும் புரதத்தை அளப்பதும் ஒன்றல்ல. மிக மங்கலான வளையமும் எண்ணிக்கையில் ஒரு நார்தான். பிளாட்டுக்கும் வெட்டுக்கும் (ஸ்லைடில் வைக்கும் மெல்லிய தசைச் சீவலுக்கும்) ஒரே ஆன்டிபாடி போதும் என்று வாங்குபவர்கள், அது இரண்டிலும் ஓடுகிறதா என்று தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். மடங்கியிருக்கும் புரதத்தில் நன்றாக ஒட்டும் ஆன்டிபாடி, பிளாட்டில் பயன்படும் எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருளில் விரிந்துபோன புரதத்தில் ஒட்டாமல் போகலாம். என் கையில் பிளாட்டுக்கு டிஸ்1, மேன்டிஸ்8 இரண்டும் நம்பகமாக ஓடியிருக்கின்றன. உறைய வைத்த வெட்டுக்கு எல்லாமே ஓடும். ஃபார்மலினில் போட்ட தசைக்கு எபிடோப்பை மீட்டெடுக்கும் படி தனியாக வேண்டும், அதிலும் இவற்றில் பல சோர்ந்துவிடும். முடிந்தவரை திரவ நைட்ரஜனில் குளிர வைத்த ஐசோபென்டேனில் உறைய வைத்த தசையையே எடுங்கள்.

பிளாட் பற்றி ஒரு வார்த்தை. ஆன்டிபாடியைத் திட்டுபவர்களில் பாதிப் பேருக்கு ஜெல்தான் காரணம். 427 கிலோடால்டன் புரதத்தைப் பத்து சதவீத ஜெல்லில் ஓட்டினால் சாம்பிள் ஊற்றும் கிணற்றை விட்டு நகராது. 3 முதல் 8 சதவீதம் வரையிலான ட்ரிஸ் அசிடேட் ஜெல், இரவு முழுக்கக் குளிரில் ஈர டிரான்ஸ்ஃபர், 460 கிலோடால்டன் வரை காட்டும் அளவுகோல். நல்ல தசையின் சாறை எம்டிஎக்ஸ் தசையின் சாறோடு கலந்து, மொத்தப் புரதம் மாறாமல், 1 சதவீதம் வரை இறங்கும் ஒரு வரிசையை ஒவ்வொரு ஜெல்லிலும் ஓட்டுங்கள். அந்த வரிசையில் 1 சதவீதக் கோடு தெரியவில்லை என்றால், உங்கள் சாம்பிளில் 1 சதவீதம் என்று எழுத உங்களுக்கு வழி இல்லை.

செல் வளர்ப்பில் வேலை செய்பவர்கள் சி முனை ஆன்டிபாடியைக் கவனமாகக் கையாள வேண்டும். டிபி71 என்ற சின்ன வடிவம் அதே ஜீனிலிருந்து வருகிறது, அதே சி முனை, பல திசுக்களில் இருக்கிறது. முதிராத மயோபிளாஸ்டில் (தசை நாராக மாறும் முன்னுள்ள செல்லில்) மேன்ட்ரா1 போட்டால் வெளிச்சம் வரும், அது நீங்கள் தேடும் 427 அல்ல. பிளாட்டில் எடையைப் பார்த்துப் பிரிக்கலாம், ஸ்லைடில் பிரிக்க முடியாது. அங்கே நடுக்கம்பி ஆன்டிபாடியே சரி.

கையில் பணம் குறைவு, இரண்டுதான் வாங்க முடியும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மேன்டிஸ்8, மேன்ட்ரா1. இரண்டும் வேறு வேறு இடத்தில் ஒட்டும், வேறு வேறு உபவகை, எலியிலும் மனிதரிலும் ஓடும், பொது வங்கியில் கிடைத்தால் விலையும் தாங்கும். எலி வெட்டுகள் அதிகம் என்றால் மேன்ட்ரா1க்குப் பதில் முயல் ஆன்டிபாடி. மைக்ரோ டிஸ்ட்ரோபின் என்றால் டிஸ்3, விலை எவ்வளவானாலும். பயாப்ஸி அறிக்கை எழுதும் கூடம் என்றால் இரண்டோடு நிறுத்தும் பேச்சே கூடாது.

வங்கியிலிருந்து வரும் சூப்பர்நேட்டன்ட்டுக்கு (செல் வளர்த்த திரவத்துக்கு), வெட்டுக்கு மில்லிலிட்டருக்கு 2 முதல் 5 மைக்ரோகிராம், பிளாட்டுக்கு 0.2 முதல் 0.5 என்று அவர்களே தொடக்க அளவு சொல்கிறார்கள். குப்பி வந்த அன்றே சிறு சிறு குழாய்களில் பிரித்து, குளோன் பெயர், லாட் எண், தேதி மூன்றையும் மூடியில் அல்ல, குழாயின் உடம்பில் எழுதுங்கள். மூடிகள் மாறிப் போகும். அப்புறம் நல்ல எலியின் தசையையும் எம்டிஎக்ஸ் தசையையும் ஒரே கட்டியில் ஒட்டவைத்து உறைய வைத்து, ஒரே வெட்டில் இரண்டும் வரும்படி எடுங்கள். நான்கு நீர்ப்பு அளவுகள், ஐந்தாவது ஸ்லைடில் இரண்டாம் ஆன்டிபாடி மட்டும். நல்ல தசையில் வளையம் கூர்மையாகவும், அதை ஒட்டிய எம்டிஎக்ஸ் பக்கம் இருட்டாகவும் தெரியும் நீர்ப்புதான் அந்த லாட்டுக்கு உங்கள் அளவு. லாட் மாறினால் மறுபடி ஐந்து ஸ்லைடு.